பழுதான டீப் பிரீசரை கெக் வைக்கிற பெட்டியாக்கலாமா?

கல்லடிக்கரை எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரு டீப் பிரீசர் பழுதாகிக் கிடக்கிறது. மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெட்டி வகை, 300 லிட்டர். மீன் போட்டு வைக்க வாங்கியது. இப்போது எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் குளிர் இல்லை. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டு எடைக்குத்தான் விலை என்கிறார், அந்தக் காசுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் வீட்டில் ஜிஞ்சர் பியர் செய்கிறேன். இஞ்சி, தேசிக்காய், சீனி, கொஞ்சம் கராம்பு. ஈஸ்ட் போடுவதில்லை, சீஓடூ (காபனீரொட்சைட்டு) கேஸ் அடித்துத்தான் நுரை ஏற்றுகிறேன். இவ்வளவு நாளும் போத்தலில் செய்தேன், இப்போது சோடா கம்பனிகள் முன்பு பாவித்த மாதிரியான 19 லிட்டர் கெக் (பானத்தைக் கேஸ் அழுத்தத்தோடு அடைத்து வைக்கிற உலோகக் கலம்) மூன்று கைக்கு வந்திருக்கிறது. வைகாசியில் அம்மன் சடங்கு வரும்போது கோயில் வீதியில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம், மோரோடு இதையும் கொடுக்க ஆசை. கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் குளிரில்லாமல் கொடுத்தால் யார் குடிப்பார்கள்?

இந்தப் பெட்டிக்குள் கெக்கை நிறுத்தி, பக்கச்சுவரில் ட்ரில் பண்ணி டியூபை வெளியே எடுக்கலாமா? ஐஸ் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கல்முனை_குளிர் எழுதியது:

தம்பி, முதலில் ட்ரில்லைக் கீழே வையுங்கள். பெட்டி வகைப் பிரீசரில் பக்கச்சுவர் முழுக்க, குளிராக்குகிற கேஸ் ஓடுகிற குழாய்தான். உள்தகட்டுக்குப் பின்னால் குளிர்க் குழாய் சுற்றி வரும், வெளித்தகட்டுக்கு உள்பக்கம் சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் போகும். ஓடுகிற நேரத்தில் வெளிச்சுவரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். எந்த இடத்தில் குழாய் போகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கொம்பிரசரில் ஒட்டியிருக்கிற லேபலையும் பாருங்கள். ஆர் 600ஏ என்று போட்டு நெருப்புப் படம் இருந்தால் அது ஐசோபியூட்டேன், பற்றக்கூடிய கேஸ். அதற்குப் பக்கத்தில் ட்ரில் தீப்பொறி கூடவே கூடாது.

அடுத்தது, "பழுது" என்றால் எது பழுது? கரண்ட் கொடுத்ததும் என்ன சத்தம் கேட்கிறது? சத்தமே இல்லையென்றால் தேர்மோஸ்டாட் (குளிரைப் பார்த்துக் கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்), வயர், பிளக் என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை "டிக்" என்று விழுந்து ஒரு உறுமல் வந்து நின்றுவிடுகிறதென்றால் பெரும்பாலும் ரிலே (கொம்பிரசரைக் கிளப்புகிற சின்னச் சுவிட்ச்), ஓவர்லோட் (சூடேறினால் கரண்டை வெட்டுகிற சுவிட்ச்), இல்லாவிட்டால் இறுகிப்போன கொம்பிரசர். ரிலேயென்றால் சின்னச் செலவு. கொம்பிரசர் நிற்காமல் ஓடியும் குளிர் இல்லையென்றால் கேஸ் போய்விட்டது. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வழி. எது என்று தெரியாமல் பெட்டியை வெட்டினால், சின்னச் செலவில் உயிர் வரக்கூடிய சாமானை நீங்களே கொன்றதாகிவிடும்.

ஏறாவூர்_இளையவன் எழுதியது:

அண்ணன், இவ்வளவு பாடு எதற்கு? இரும்புக்குக் கொடுத்துவிட்டு பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்குங்கள். தட்டுகளைக் கழற்றினால் இரண்டு கெக் நிற்கும். செத்ததைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட அது மேல்.

கல்முனை_குளிர் எழுதியது:

பழைய பிரிட்ஜ் வாங்குவதும் குருட்டுச் சீட்டுத்தான் தம்பி. விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று நமக்குத் தெரியாது. இவரிடம் இருக்கிற பெட்டியின் வரலாறு இவருக்குத் தெரியும். அதுவே பெரிய விஷயம்.

டொரன்டோ_மட்டுநகரான் எழுதியது:

இங்கே வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பலர் இதையேதான் செய்கிறார்கள், இதற்குக் கீசர் என்று ஒரு பெயரும் உண்டு. யாரும் சுவரைத் தொடுவதில்லை. மூடியைப் பிணைச்சலோடு கழற்றி, பெட்டியின் வாய்க்கு மேல் நான்கு பக்கமும் பலகையால் ஒரு சட்டம் அடித்து, அந்தச் சட்டத்துக்கு மேலே மூடியைப் பூட்டுவார்கள். டியூப், பானம் பிடிக்கிற பைப், கேஸ் டியூப் எல்லாம் அந்தப் பலகை வழியாகப் போகும். சுவரில் ஒரு கீறலும் இல்லை. பலகையின் உள்பக்கம் ரெஜிபோம் (குளிரைக் காக்கிற வெள்ளைப் போம்) ஒட்டி, பெட்டியோடு சேருகிற இடத்தில் சிலிக்கோன் பூசினால் குளிர் ஒழுகாது. உயரமும் கூடும், கெக்கின் தலையில் கொழுவுகிற பூட்டுக்கு அது தேவை. நல்ல ஓடாவி ஒருவர் அரை நாளில் அடித்துத் தருவார். ஊரில் தேக்கு அல்லது முதிரைப் பலகை எடுங்கள், ஈரத்தில் ஊதாது.

கொம்பிரசர் உயிரோடு இருந்தால் இன்னொரு சாமான் வேண்டும்: வெளியே பூட்டுகிற வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பிரீசரின் சொந்தத் தேர்மோஸ்டாட் கழித்தல் 18க்குக் கொண்டுபோகிற ஆள், அதை நம்பினால் காலையில் கெக்குக்குள் இஞ்சி ஐஸ்தான் இருக்கும். எஸ்டிசி 1000 மாதிரியான ஒன்றின் உணரியைக் கெக்கின் உடம்பில் டேப்பால் ஒட்டி, அதற்கு மேல் ஒரு துண்டு ரெஜிபோம் வைத்து, 4 டிகிரியில் நிறுத்த வேண்டும். காற்றில் தொங்க விட்டால் கொம்பிரசர் அடிக்கடி போட்டு அணைக்கும். நின்றதும் மூன்று நிமிடமாவது கழித்துத்தான் திரும்ப ஓட வேண்டும், குழாயில் அழுத்தம் சமப்படாமல் கிளப்பினால் கொம்பிரசருக்குக் கேடு.

தாழங்குடா_வாசகர் எழுதியது:

ஒரு கேள்வி. பியர் என்று பெயர் வருகிறதே, பொலிஸ் பிரச்சினை வராதா?

கல்லடிக்கரை எழுதியது:

மதுசாரம் இல்லை. கேஸ் மட்டும்தான்.

டொரன்டோ_மட்டுநகரான் எழுதியது:

இதைத் தெளிவாகச் சொல்லி வைப்பது நல்லது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம், சொந்தப் பாவனைக்கு என்றாலும் அப்படித்தான். இங்கே நாங்கள் செய்வதை அங்கே அப்படியே செய்ய முடியாது. ஜிஞ்சர் பியரிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஈஸ்ட் போடாவிட்டாலும் இஞ்சித் தோலிலும் காற்றிலும் இயற்கையாக ஈஸ்ட் உண்டு. சீனித் தண்ணீரைச் சூட்டில் நாட்கணக்கில் வைத்தால் அது தானாகப் புளித்து மதுசாரமும் வரும், கெக்குக்குள் அழுத்தமும் ஏறும். இஞ்சிச்சாற்றைக் கொதிக்க வைத்து ஆற்றி, கெக்கைக் கொதிதண்ணீரால் அலசி, போட்டவுடன் 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். கோயிலில் சின்னப் பிள்ளைகளும் குடிக்கப்போகிறார்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கல்லடிக்கரை எழுதியது:

நேற்று அண்ணன் சொன்னபடி பார்த்தேன். முதலில் "டிக்" சத்தம் வந்து நின்றது. பக்கத்துக் கடையில் புது ரிலே போட்டதும் கொம்பிரசர் ஓடுகிறது, சத்தமும் சீராக இருக்கிறது. ஆனால் பின்னேரம் வரை ஓடியும் இடது மூலையில் ஒரு சாண் அளவு மட்டும் மெல்லிய பனி, மற்ற இடமெல்லாம் வெறும் தகடு. வெளிச்சுவரும் அவ்வளவாகச் சுடவில்லை. அடிப்பக்கம் வெளித்தகட்டில் துரு வெடித்துப் பொருக்காக நிற்கிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது. லேபலில் ஆர் 134ஏ.

கல்முனை_குளிர் எழுதியது:

சந்தேகமே இல்லை, கேஸ் குறைந்துவிட்டது, ஒழுக்கு சுவருக்குள். கடற்கரை வீடுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்றும் மீன் கழுவின உப்புத் தண்ணீரும் தகட்டைத் தின்று, சுவருக்குள் குளிர் காக்க அடைத்திருக்கிற போமுக்குள் ஈரம் இறங்கி, கடைசியில் குழாயைத் தின்னும். கேஸ் அடித்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அடித்தால் கொஞ்ச நாள் குளிரும், திரும்பப் போகும், திரும்ப அடிப்பார்கள். போமுக்குள் இருக்கிற ஒழுக்கை அடைக்க வேண்டுமென்றால் பெட்டியையே உரிக்க வேண்டும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆகவே இனி இது ஐஸ் பெட்டி. ஆனால் மிச்சக் கேஸை நீங்களாகக் குழாயை வெட்டி வெளியே விடாதீர்கள். ஆர் 134ஏ பற்றாது, ஓசோனையும் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேல். கேஸ் இழுத்தெடுக்கிற மெஷின் வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு எடுத்துவிட்டு, கொம்பிரசரைக் கழற்றி விற்றுவிடுங்கள். ஓடுகிற கொம்பிரசருக்கு நல்ல விலை உண்டு, பெட்டியின் பாரமும் குறையும்.

ஏறாவூர்_இளையவன் எழுதியது:

அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி? கொம்பிரசர் இல்லாத பிரீசர் வெறும் தகரப் பெட்டி.

சாய்ந்தமருது_கணக்கு எழுதியது:

இல்லை தம்பி, அங்கேதான் நான் உடன்பட மாட்டேன். பிரீசரில் விலை உள்ள பாதி அந்தப் போம்தான், கடையில் 300 லிட்டர் ஐஸ் பெட்டி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பிரீசரில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து மீனுக்கு நடுவே அடுக்கி, மூடியைத் திறக்காமல் விட்டோம். மீன் கல் மாதிரியே இருந்தது. கொம்பிரசர் நின்ற நேரத்தில் காத்தது போம்தானே?

கணக்கும் போடுவோம். பெட்டியின் மேற்பரப்பு எல்லாப் பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 3.5 சதுர மீட்டர், போம் 6 சென்ரிமீட்டர். போமின் வெப்பக் கடத்துதிறன் 0.025 என்று வையுங்கள். வெளியே 32, உள்ளே 5 டிகிரி, வித்தியாசம் 27. அப்படியென்றால் உள்ளே இறங்குகிற சூடு ஏறக்குறைய 40 வாட், ஒரு சின்ன குண்டு பல்பு அளவு. ஒரு நாளைக்கு அது 3.4 மெகாஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக, திறக்காமல் வைத்தால் ஒரு நாளைக்கு 10 கிலோ ஐஸ் போதும்.

ஆனால் கெக்கைக் குளிராக்குவது தனிக் கணக்கு. 19 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5க்குக் கொண்டுவர 2000 கிலோஜூல், அதாவது 6 கிலோ ஐஸ். மூன்று கெக்குக்கு 18 கிலோ. மூடியைத் திறப்பது, பழைய போமுக்குள் இறங்கியிருக்கிற ஈரம், ஒழுகுகிற ரப்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் நாளுக்கு 40 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவே கெக்கை வீட்டுப் பிரிட்ஜில் வைத்துக் குளிர வைக்க முடிந்தால் அந்த 18 கிலோவும் மிச்சம்.

கல்லடிக்கரை எழுதியது:

காக்கா, இந்தக் கணக்குக்காக உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. மீன்காரர் எடுக்கிற ஐஸ் கட்டி இங்கே தாராளமாகக் கிடைக்கும். அதைப் போடலாமா?

சாய்ந்தமருது_கணக்கு எழுதியது:

கெக் மூடிக் கிடப்பதால் குளிராக்க மட்டும் போடலாம். ஆனால் அந்த ஐஸையோ உருகின தண்ணீரையோ கோப்பைக்குள் போடவே கூடாது, அது குடிக்கச் செய்த ஐஸ் இல்லை. பந்தலில் நிற்கிற பெடியன்களுக்கும் சொல்லி வையுங்கள், அவசரத்தில் யாராவது உடைத்துக் கோப்பையில் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. வெறும் ஐஸ் கட்டி கெக்கை ஒன்றிரண்டு இடத்தில்தான் தொடும். கால்வாசித் தண்ணீர் ஊற்றி ஐஸை மிதக்க விட்டால் கெக்கின் உடம்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், குளிர் சீக்கிரம் இறங்கும். ஆனால் குடித்து முடிய முடிய கெக் பாரம் குறைந்து மிதக்கத் தொடங்கும், சரிந்தால் டியூப் இழுபடும். ஆகவே குளிர்ந்த பிறகு அடியில் இருக்கிற வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

செங்கலடி_அக்கா எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்தேன், யாரும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் பூட்டு இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே கழற்றி எறியுங்கள் தம்பி. கைவிட்ட பிரிட்ஜுக்குள் பிள்ளைகள் ஒளித்து விளையாடிப் போய், உள்ளிருந்து திறக்க முடியாமல் மூச்சுத்திணறி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956இல் உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடிய கதவுதான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். நம் பிள்ளைகளும் முற்றத்தில் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறவர்கள்தான். வெறும் பெட்டியாகக் கிடக்கிற நாட்களில் மூடியைக் கழற்றித் தனியே வையுங்கள், அல்லது மூடவே முடியாதபடி நடுவில் ஒரு கட்டையைத் திருகி விடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மாரி தொடங்கினால் மூடி இல்லாத பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு முட்டையிட அது போதும். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கு வைப்பார். வடிகால் அடைப்பை எடுத்துவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் சரித்து, கூரைக்குக் கீழே வையுங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

அக்கா, நன்றி. பூட்டைக் கழற்றிவிட்டேன். மீன் மணத்துக்கு என்ன செய்வது?

செங்கலடி_அக்கா எழுதியது:

மணம் தகட்டில் நிற்பதில்லை, மூடி ரப்பரின் மடிப்புக்குள்தான். ரப்பரை இழுத்துக் கழற்றினால் பெரும்பாலும் கையோடு வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு ஊற வைத்து, பழைய பல் தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் தேயுங்கள். கறுப்பாக வழிக்கிற ஊத்தையைப் பார்த்தால் தெரியும். பெட்டிக்குள் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். பிளீச்சும் வினாகிரியும் ஒன்றாகப் போட வேண்டாம், நச்சுப் புகை வரும்.

டொரன்டோ_மட்டுநகரான் எழுதியது:

கேஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், இதில்தான் ஆபத்தும் இருக்கிறது, ருசியும் இருக்கிறது.

ருசி முதலில். ஜிஞ்சர் பியருக்கு நல்ல நுரை வேண்டுமென்றால் ஒரு லிட்டர் பானத்துக்கு மூன்று லிட்டர் கேஸ் கரைய வேண்டும். 4 டிகிரியில் 15 முதல் 17 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தின் அளவு) போதும். அதே அளவு கேஸை 30 டிகிரிச் சூட்டில் கரைக்க 50 பிஎஸ்ஐ வேண்டியிருக்கும், பைப்பைத் திறந்ததும் எல்லாம் நுரையாகக் கொட்டிவிடும், கோப்பையில் இருப்பது வெறும் இனிப்புத் தண்ணீர். ஆகவே முதலில் குளிர், அப்புறம் கேஸ். குளிர்ந்த கெக்கில் கேஸைக் கொழுவி இரண்டு மூன்று நாள் விடலாம், அவசரமென்றால் கெக்கைப் படுக்க வைத்து உருட்டலாம். ஒரு கெக்குக்குப் போவது 110 கிராம் அளவுதான், அதனால் சின்னச் சிலிண்டரே நிறைய நாள் வரும்.

இனி ஆபத்து. சிலிண்டரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இரண்டு கிலோ கேஸ் ஒழுகினால் ஆயிரம் லிட்டருக்கு மேல், பெட்டியோ 300 லிட்டர். காபனீரொட்சைட்டு காற்றை விட ஒன்றரை மடங்கு பாரம், நிறமோ மணமோ இல்லை, பெட்டிக்குள் தேங்கி நிற்கும். கெக் மாற்ற ஒருவர் தலையை உள்ளே விட்டுக் குனிந்தால் அப்படியே மயங்கி விழலாம். சிலிண்டர் வெளியே, நிழலில், நிமிர்த்தி, ஒரு தூணோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். உள்ளே போவது டியூப் மட்டும். அதிலும் ஒழுக்கு வரலாம் என்பதால் மூடியைத் திறந்து கொஞ்சம் காற்றோட்டம் விட்டுத்தான் குனிய வேண்டும். வெயிலிலும் வைக்காதீர்கள், 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்று நிற்காது, அழுத்தம் விறுவிறு என்று ஏறும். தீயணைப்புச் சிலிண்டரைக் கொண்டுவந்து பூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்குள் அடி வரை குழாய் இருப்பதால் திரவமாகவே வெளியே வரும், சிலிண்டரில் பூட்டி அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டர் தாங்காது. சோடா செய்கிறவர்கள் எடுக்கிற உணவுத் தரக் கேஸையே எடுங்கள்.

ஏறாவூர்_இளையவன் எழுதியது:

சரி, நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கரண்ட் இல்லாத கோயில் வீதியில் பிரிட்ஜை வைத்து என்ன செய்வது, ஐஸ் பெட்டிதான் அங்கே சரி. ஆனால் மூன்று கெக்கும் அதற்குள் நிற்குமா?

கல்லடிக்கரை எழுதியது:

அளந்து பார்த்தேன். கெக் ஒவ்வொன்றும் 22 சென்ரிமீட்டர் அகலம், 64 உயரம். கொம்பிரசர் மேடை போக மிச்ச நீளத்தில் மூன்றும் வரிசையாக நிற்கின்றன, முன்பக்கம் ஐஸுக்கு நீளமாக இடம் மிச்சம். உயரம்தான் இடித்தது, ஆகவே பலகைச் சட்டம் அடிக்க ஓடாவியிடம் சொல்லிவிட்டேன். ஆட்களை வைத்துத்தான் தூக்க வேண்டும், நிரம்பின கெக் ஒன்று 24 கிலோ. கேஸ் எடுக்கிறவர் வந்து மிச்சத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டார், கொம்பிரசரையும் அவரே வாங்கிக்கொண்டார்.

கல்முனை_குளிர் எழுதியது:

நல்லது தம்பி. கொம்பிரசர் எடுத்த குழியை வெறுமனே விடாதீர்கள், எலி கூடு கட்டும். ரெஜிபோம் துண்டு அடைத்து மேலே தகடு அடியுங்கள். துருப்பிடித்த அடிப்பக்கத்தைச் சுரண்டி, துரு தடுக்கிற பூச்சு இரண்டு கை பூசினால் இன்னும் பல வருஷம் நிற்கும். நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லில் ஏற்றி வையுங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி. ஒத்திகைக்கு ஒரு கெக்கை நிரப்பி 16 பிஎஸ்ஐயில் வைத்துக் குளிராக்கினேன். முதல் கோப்பை முழுக்க நுரை. நாலைந்து கோப்பைக்குப் பிறகு பைப் விக்கி விக்கி வந்து நின்றேவிட்டது. டியூப் ஒரு மீட்டர் நீளம்.

டொரன்டோ_மட்டுநகரான் எழுதியது:

இரண்டு வேறு விஷயம். நுரைக்குக் காரணம் டியூப் கட்டை. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் டியூபில் நாலு மீட்டராவது எடுத்து, சுருட்டிப் பெட்டிக்குள் குளிரில் வையுங்கள், போகிற வழியில் அழுத்தம் குறைந்து அமைதியாக வரும். முதல் கோப்பையில் கொஞ்சம் நுரை எப்படியும் வரும், பைப் வெளியே சூடாக நிற்பதால்.

நின்றுபோனது இஞ்சி நார். கேஸை மூடி, மேலே இருக்கிற வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுக்க விட்டுவிட்டு, பானம் வெளியே வருகிற பக்கத்துப் பூட்டைக் கழற்றிப் பாருங்கள், ஸ்பிரிங் வைத்த சின்ன அடைப்பானைச் சுற்றி நார் தலைமயிர் மாதிரி சுற்றிக் கிடக்கும். ஊசியால் எடுத்துவிட்டு ரப்பர் வளையத்தையும் கழுவிப் போடுங்கள். அடுத்த முறை இஞ்சிச்சாற்றை வெள்ளைத் துணி இரண்டு மடிப்பில் வடித்து, ஒரு இரவு பிரிட்ஜில் வைத்து, அடியில் படிகிற வெள்ளை மாவை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் கெக்கில் ஊற்றுங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

கழற்றிப் பார்த்தேன், நார்தான். துடைத்துப் போட்டதும் ஓடுகிறது. நாலு மீட்டர் டியூப் நாளைக்கு ரவுணில் வாங்குகிறேன்.